இறைவனின் கண்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், கோட்டையைப் போன்ற உயர்ந்த மதில்களுக்குள் பழைய சிறைச்சாலை ஒன்று நிற்கிறது. 1829ஆம் ஆண்டில் திறக்கப்பெற்று, 1971இல் மூடப்பட்ட ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை அது. இன்று அதனைக் காணச் செல்வோரிடம் பேய்க்கதைகள் பலவற்றைக் கூறுகின்றனர். ஆளற்ற கூடத்தில் எவரோ நகைக்கும் ஒலி கேட்குமாம். வெற்றறைகளில் நிழலுருவங்கள் நகருமாம்.

இக்கதைகளைக் காட்டிலும் நெஞ்சை நடுங்க வைப்பது அச்சிறையின் மெய்யான வரலாறே. அதனை நிறுவியவர்கள் கொடியவர்கள் அல்லர். சவுக்கடியையும் நெரிசல் மிகுந்த சிறைக்கூடங்களையும் கண்டு வருந்திய சமயப் பற்றாளர்கள். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் எண்ணம் அதில் ஓங்கியிருந்தது. குற்றவாளியைத் தனிமையில் இருத்தினால் அவன் உள்ளம் தானே இறைவன்பால் திரும்பும் என்று மனமார நம்பினர். ஆகவே ஒருவனுக்கு ஓரறை, கையில் விவிலியம். வளைந்த கூரையில் ஒளி புகுவதற்கு ஒரு சிறு திறப்பு. அதனை இறைவனின் கண் என்றே அழைத்தனராம்! உணவு சுவரிலுள்ள துளை வழியே வரும். வெளியே அழைத்துச் செல்ல நேர்ந்தால், பிறரைக் காணாதவாறு முகத்தை முழுவதும் துணியால் மூடிவிடுவர். பெயரும் கிடையாது, எண் மட்டுமே.

நம் முனிவர்களும் ஏகாந்தத்தை நாடியவர்கள்தாமே என்று அன்பர்கள் வினவலாம். நாடினார்கள்; ஆனால் அவர்களுடைய குகையை எவரும் வெளியிலிருந்து தாழிடவில்லை.

1842இல் அங்குச் சென்ற ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதினும் இது கொடிது என்று தம் பயண நூலில் கண்டித்தார். ஆயினும் 1913ஆம் ஆண்டில்தான் அம்முறை முறைப்படி கைவிடப்பட்டது.

பேய்க்கதைகளுள் ஒன்று மட்டும் எளிதில் மறக்கத்தக்கதன்று. 1929 பிப்ரவரியில் சிகாகோ நகரில் எழுவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஐயம் அல் கபோன் என்ற கும்பல் தலைவன்மீது விழுந்தது; குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. அதே ஆண்டில், துப்பாக்கி வைத்திருந்த வேறொரு குற்றத்துக்காக அவன் இச்சிறைக்கு வந்தான். செல்வாக்குள்ளவன் அல்லவா? அறையில் கம்பளமும் வானொலியும் இருந்தன. உறக்கம் மட்டும் வரவில்லை போலும். தன்னை விட்டுவிடுமாறு ஜிம்மி என்பவனிடம் கெஞ்சி, நள்ளிரவில் அவன் அலறுவதைப் பிற கைதிகள் கேட்டனராம். கொலையுண்ட எழுவருள் ஒருவனின் பெயர் ஜேம்ஸ் கிளார்க். ஜேம்ஸ் என்ற பெயரைச் செல்லமாக ஜிம்மி என்பது அந்நாட்டு வழக்கம்.

அவர்கள் பேய் என்று சொல்வதை நம் பெரியோர் வினை என்றிருப்பர். 1930 மார்ச்சில் விடுதலையாகிச் சிகாகோ திரும்பிய பின்னும் ஜிம்மி உடன் வந்ததாகவே அந்தக் கதை தொடர்கிறது.