சூலூர்பேட்டைக்கு ஒரு டிக்கெட்!

லீவு நாள்ல எங்கே போகலாம்னு கேன்டீன்ல பஞ்சாயத்து வெச்சா, மகாபலிபுரம், பாண்டிச்சேரி, தடா அருவினு மூணே பதில்தான் வரும். இந்த முறை தடாவைத் தாண்டி இன்னும் ரெண்டே ரெண்டு ஸ்டேஷன் போய்ப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ்!

சென்னை சென்ட்ரலை ஒட்டியிருக்கிற மூர்மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இருந்து சூலூர்பேட்டைக்கு லோக்கல் ரயிலே இருக்கு. தூரம் சுமார் 80 கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஃபேக்டரி ஷிஃப்ட்டுக்குப் போறவங்க கூட்டம். அப்புறம் எளாவூர், ஆரம்பாக்கம். ஆந்திர எல்லையைத் தாண்டினால் தடா, அக்கம்பேட்டை... அடுத்தது சூலூர்பேட்டை. தமிழும் தெலுங்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிற ஊர்.

இறங்கினதும் 'ராக்கெட் ஊர்' என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கும்னு எதிர்பார்க்காதீங்க. டீக்கடை, ஷேர் ஆட்டோ, பழக்கடைதான் முதல்ல கண்ணில் படும். ஊரில் செங்காளம்மன் கோயில் ரொம்ப பிரபலம். ராக்கெட் கிளம்பும் முன் இஸ்ரோ தலைவர்களே வந்து கும்பிட்டுப் போகிற அம்மன். செமஸ்டருக்கு முன்னாடி நாம பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம் இல்லையா... அதே கதைதான்!

ஊரைத் தாண்டியதும் ரோடு நேராக பழவேற்காடு ஏரிக்குள் இறங்குகிறது. ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவில் நாம. குளிர்காலத்தில் போனால் பூநாரையும் கூழைக்கடாவும் கூட்டம் கூட்டமாக நிற்கும். அந்த ரோடு போய் முட்டுகிற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. சதீஷ் தவான் விண்வெளி மையம்!

சாதாரண நாள்ல பாஸ் இல்லாமல் கேட்டுக்குள் காலை வைக்க முடியாது. ராக்கெட் ஏவும் நாள்ல மட்டும், இஸ்ரோ அறிவித்ததும் இன்டர்நெட்டில் பெயரைப் பதிவு செய்தால், 2019-ல் திறந்த பார்வையாளர் கேலரியில் இடம் கிடைக்கும். அடையாள அட்டை கட்டாயம். தொப்பியும் தண்ணி பாட்டிலும் உங்க சமர்த்து.

கேலரியில் உட்கார்ந்து ஒரு சின்ன சோதனை செய்யலாம். தீப்பிழம்பு தெரிந்த நொடியில் வாட்ச்சைப் பாருங்க. சத்தம் நெஞ்சில் வந்து மோதும்போது மறுபடி பாருங்க. நடுவில் போன வினாடிகளை 340-ஆல் பெருக்கினால், ராக்கெட் எத்தனை மீட்டர் தள்ளி நின்றது என்று தோராயமாக வந்துவிடும். ப்ளஸ் டூ பிசிக்ஸ் இவ்வளவு உறுமலாக இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரியும்!

யாருக்குத் திறந்த கேட்?

இந்தத் தீவில் இருந்து முதல் ராக்கெட் பறந்தது 1971 அக்டோபரில். ஏன் இங்கே? கிழக்கே கடல். ஏதாவது கழன்று விழுந்தாலும் ஊர் மேல விழாது. தவிர, பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுவதால், இந்த அட்சரேகையில் நிற்கிற ராக்கெட்டுக்கு மணிக்கு சுமார் 1,600 கிலோமீட்டர் வேகம் இனாமாகக் கிடைக்கிறது. கிழக்கு நோக்கிப் போகிற ராக்கெட்டுக்கு அது பெரிய உதவி.

அன்றிலிருந்து சுமார் 50 வருஷம், இங்கே நின்ற ராக்கெட் எல்லாம் அரசாங்க ராக்கெட். தனியார் கம்பெனிகள் இல்லாமல் இல்லை. எல் அண்ட் டி, கோத்ரெஜ், வால்சந்த்நகர் மாதிரி கம்பெனிகள் பாகங்களைச் செய்து கொடுத்தன. ஆனால், அவங்க சப்ளையர்கள். 'என் ராக்கெட், என் ஏவுதளம், நானே ஏவுறேன்' என்று யாரும் கேட்க முடியாது. கேட்பதற்கு ஒரு ஜன்னலும் கிடையாது.

அந்த ஜன்னல் வைக்கப்பட்டது 2020-ல். அந்த வருஷம் ஜூன் 24-ம் தேதி மத்திய அமைச்சரவை விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. அனுமதி கொடுக்க 'இன்-ஸ்பேஸ்' என்ற அமைப்பு வந்தது. அதன் தலைமையகம் 2022 ஜூனில் அகமதாபாத்தில் திறக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் இந்திய விண்வெளிக் கொள்கை வந்தது. கம்பெனியோ காலேஜோ, இப்போ மனு போட ஒரு விலாசம் இருக்கு. நம்மைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான மாற்றம்.

பலன் இந்தத் தீவிலேயே தெரிந்தது. 2022 நவம்பர் 18 அன்று ஹைதராபாத்தின் 'ஸ்கைரூட்' கம்பெனி அனுப்பிய விக்ரம்-எஸ், இந்தியாவின் முதல் தனியார் ராக்கெட்டாகப் பறந்தது. 6 மீட்டர் உயரம்தான். 89.5 கிலோமீட்டர் வரை போய்க் கடலில் விழுந்தது. அதில் இருந்த மூன்று பேலோடுகளில் ஒன்று, சென்னையின் 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' மாணவர்களை வைத்துச் செய்தது.

அதே மாதம் 25-ம் தேதி, தீவுக்குள்ளேயே ஒரு தனியார் ஏவுதளம் திறக்கப்பட்டது. சொந்தக்காரர்கள், 2017-ல் ஆரம்பித்து ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்தில் வளர்ந்த 'அக்னிகுல்'. 3டி பிரின்டிங்கில் ஒரே துண்டாக அச்சிட்ட என்ஜின், எரிபொருளாக விமான மண்ணெண்ணெய், கூடவே திரவ ஆக்சிஜன். நான்கு முறை தேதி குறித்து நான்கு முறையும் தள்ளிப்போய், ஐந்தாவது முறை 2024 மே 30 காலை 7.15-க்கு அவர்களின் சோதனை ராக்கெட் கிளம்பியது. தரமணியில் பஸ்ஸுக்கு நிற்கிறோமே, அந்த ஏரியாவில் உருவான என்ஜின்!

காலேஜுக்கு எந்த சீட்?

'அதெல்லாம் ஐ.ஐ.டி. சமாச்சாரம் பாஸ், நம்ம காலேஜ்ல புரொஜக்டரே வேலை செய்யாது' என்கிறீர்களா? கொஞ்சம் பழைய லிஸ்ட்டைப் பாருங்க.

2009 ஏப்ரல் 20-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட். 2011-ல் எஸ்.ஆர்.எம்.சாட். 2016-ல் சத்யபாமாசாட், வெறும் 1.5 கிலோ. 2017 ஜூன் 23-ல் கன்னியாகுமரி மாவட்டம் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியூசாட். எல்லாமே இந்தத் தீவில் இருந்து பி.எஸ்.எல்.வி.யில் போனவை. கேட் திறக்கும் முன்பே, இஸ்ரோ கைபிடித்து ஏற்றிவிட்ட காலேஜ் செயற்கைக்கோள்கள்.

இப்போ இன்னும் சுலபமான ஒரு படிக்கட்டு இருக்கு. பேரு 'போயம்'. பி.எஸ்.எல்.வி.யின் நான்காவது அடுக்கு, தன் வேலை முடிந்ததும் குப்பையாகச் சுற்றாமல், சில காலம் பரிசோதனைக்கூடமாகச் சுற்றும். கரன்ட், தரையோடு பேசும் வசதி எல்லாம் அதிலேயே உண்டு. முழு செயற்கைக்கோள் செய்ய வேண்டாம், உங்கள் பரிசோதனைப் பெட்டியை மட்டும் செய்தால் போதும். 2024 டிசம்பர் 30-ல் போன போயம்-4-ல் இருந்த 24 பேலோடுகளில் 10, ஸ்டார்ட்-அப்களும் கல்வி நிறுவனங்களும் செய்தவை. அதே பயணத்தில் இஸ்ரோ அனுப்பிய காராமணி விதைகூட விண்வெளியில் முளைத்தது!

சரி, கேட் திறந்திருக்கு, படிக்கட்டும் இருக்கு. அப்புறம் ஏன் வருஷத்துக்கு நூறு காலேஜ் கியூவில் நிற்கலை?

நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லட்சணத்தை யோசிங்க. ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு, ப்ராஜெக்ட் சென்டரில் கோடிங், ஜெராக்ஸ் கடையில் பைண்டிங். வைவா அன்னிக்கு எல்.இ.டி. எரிஞ்சா பாஸ். ஆனால், ராக்கெட்டில் ஏறும் பெட்டி, ஏவும்போது வரும் அதிர்வைத் தாங்கணும், காற்றில்லாத இடத்தில் சூட்டையும் குளிரையும் மாறி மாறித் தாங்கணும். அதிர்வு மேடை, வெப்ப-வெற்றிடச் சோதனை... ரெண்டிலும் ஜெயிச்ச பிறகுதான் சீட். காசு கொடுத்து வாங்கின ப்ராஜெக்ட் அந்த மேடையில் முதல் நிமிஷத்திலேயே கழன்றுடும். தனியாக ஒரு செயற்கைக்கோளே அனுப்புவதென்றால் ரேடியோ அலைவரிசைக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கியாகணும்.

இன்னொரு சிக்கல், நேரம். இப்படி ஒரு பெட்டியைச் செய்து முடிக்க ஒரு செமஸ்டர் போதாது. ஆரம்பித்த சீனியர் பாஸ் அவுட் ஆனதும் ப்ராஜெக்ட்டும் பாஸ் அவுட் ஆகிடுது. செகண்ட் இயரில் ஜூனியரைச் சேர்த்து, எழுதி வெச்சு, கைமாற்றிவிடும் பழக்கம் உள்ள காலேஜுக்குத்தான் இந்தக் கேட் நிஜமாகவே திறந்திருக்கு. அரசாங்கம் விதியை மாற்றலாம். நம்ம லேப் பழக்கத்தை நாமதான் மாற்றணும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் தோற்கலாம் என்பதையும் இந்தத் தீவு பார்த்திருக்கு. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. என்ற புது சின்ன ராக்கெட்டில் 'ஆசாதிசாட்' போனது. நாடு முழுக்க 75 பள்ளிகளின் 750 மாணவிகள் கைவைத்த செயற்கைக்கோள். ராக்கெட்டின் உணரிகள் அதிர்வில் குழம்பிவிட, சுற்றுப்பாதை தவறிப்போய் எல்லாம் வீண். அவங்க உட்கார்ந்து அழுதுகொண்டே இருக்கலை. ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10-ல், ஆசாதிசாட்-2 சரியான பாதையில் இறங்கியது. ஒரு அரியருக்கே சாப்பாட்டை வெறுக்கிற நமக்கு, அந்த ஸ்கூல் பொண்ணுங்க பெரிய அக்காக்கள்!

அடுத்த ஸ்டாப், குலசை

அந்தச் சின்ன ராக்கெட்டுக்காகவே ரெண்டாவது ஏவுதளம் ஒன்று தயாராகுது. அது நம்ம தூத்துக்குடி மாவட்டம், குலசேகரப்பட்டினம். திருச்செந்தூருக்குத் தெற்கே, தசராவுக்கு லட்சக்கணக்கான பேர் காளி வேஷமும் ராஜா வேஷமும் கட்டி வருகிற அதே குலசை! ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நேர் தெற்கே ஏவினால் வழியில் இலங்கை. அதைச் சுற்றி வளைந்து போக எரிபொருள் வீணாகும். பெரிய ராக்கெட் சமாளிக்கும். 500 கிலோ தூக்கும் சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசையில் இருந்து நேராகத் தெற்கே கடல்தான். 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டிய அன்றே ஒரு சின்ன ரோகிணி ராக்கெட் அங்கிருந்து பறந்துவிட்டது.

உடன்குடி கருப்பட்டிக்குப் பேர்போன அந்தப் பனங்காட்டு மண்ணில், 2,000 ஏக்கருக்கும் மேல் இதற்காக எடுத்திருக்காங்க. நிலம் கொடுத்த ஊரின் பிள்ளைகள் அந்த கேட்டில் வாட்ச்மேன் வேலைக்கு நிற்பாங்களா, உள்ளே டெக்னீஷியனாகவும் இன்ஜினீயராகவும் போவாங்களா? இதற்கான பதில் டெல்லி கொள்கையில் மட்டும் இல்லை. திருச்செந்தூர், தூத்துக்குடி, திருநெல்வேலி காலேஜ்களின் வொர்க்ஷாப்களிலும் இருக்கு.

அதனால, சூலூர்பேட்டைக்குப் போங்க. ராக்கெட்டோட செல்ஃபி எடுங்க, தப்பில்லை. ஆனால், கிளம்பும் முன்னாடி நாலு ஃப்ரெண்ட்ஸைக் கூட்டி ஒரு நோட்டு போடுங்க: ஒரு கிலோ பெட்டிக்குள்ள நாம எதை வெச்சு அனுப்பலாம்? ரெண்டு ஜூனியர் பேரையும் அதே நோட்டில் சேர்த்துக்கங்க. நீங்க பாஸ் அவுட் ஆன பிறகு, கேலரியில் உட்கார்ந்து வாட்ச்சைப் பார்க்கப் போறது அவங்கதான்.