இரும்பின் பக்கம் இருப்பவர்கள்

மோட்டார் சைக்கிளில் அடிக்கடி மரை போகிற இடம் எது என்று பட்டறையில் காலம் தள்ளிய எவரைக் கேட்டாலும், ஆயில் டிரெயின் போல்ட்டைத்தான் முதலில் சொல்வார். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் அதைக் கழற்றி மாட்டியாக வேண்டும். மாட்டுகிற கைக்கு ஒவ்வொரு முறையும் ஒரே பயம்: ஒழுகிவிடுமோ? அந்தப் பயத்தில் போடுகிற கடைசி முறுக்குதான் மரையைத் தின்கிறது. இந்தப் பயத்தைப் பட்டறையிலும் பார்த்திருக்கிறேன், வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் அது செய்கிற சேதம் ஒன்றுதான்.

இன்ஜினின் அடிப்பாகமான கிராங்க் கேஸ் அலுமினிய வார்ப்பு. எடை குறைவு, சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும், ஆனால் மென்மையானது. அதில் ஏறுகிற போல்ட் எஃகு. நம் ஊர்ச் சாலைகளில் ஓடுகிற பல சின்ன வண்டிகளில் இது 12 மி.மீ. போல்ட், 1.5 மி.மீ. பிட்ச். அதற்கு வேண்டிய முறுக்கு 25 நியூட்டன் மீட்டர் வாக்கில்தான். ஒரு ஜாண் நீள ஸ்பானரின் நுனியில் 10, 12 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருகிற இழுப்பு, அவ்வளவே. அதே ஸ்பானரில் ஒரு பைப்பைச் செருகி இரண்டடி நீளமாக்கிவிட்டால், அதே கை அதே பலத்தைக் கொடுத்தாலும் முறுக்கு கிட்டத்தட்ட மும்மடங்காகிவிடும். அலுமினியம் எங்கே தாங்கும்?

மரையில் எல்லாச் சுற்றும் சமமாகச் சுமப்பதில்லை. போல்ட்டின் தலைக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் இரண்டு மூன்று சுற்றுகள்தான் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குகின்றன. அவை அறுந்தால் பாரம் அடுத்த சுற்றின் தலையில் விழும், அதுவும் அறும். இது நடக்கிற நேரத்தைக் கை உணரும். இறுகிக்கொண்டே வந்த ஸ்பானர் திடீரென்று லேசாகும். பழகாதவன், 'இன்னும் இடம் இருக்கு' என்று நினைத்து மேலும் ஒரு சுற்று சுற்றுவான். பழகிய கை அந்த இடத்தில் பதறும். மரை அறுகிற நேரம் அதுதான்.

வீட்டில் இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிற பிள்ளை ஒருநாள் திடீரென்று எதிர்ப்பதை நிறுத்திவிடுவான். "சரிப்பா" என்பான். என்ன படிக்கச் சொன்னாலும் சரி, எங்கே போகச் சொன்னாலும் சரி. பெற்றவர்களுக்குப் பெருமை பிடிபடாது, "பையன் வழிக்கு வந்துட்டான்" என்பார்கள். உள்ளே பிடிப்பு விட்டுப்போயிருக்கும். எதிர்த்துப் பேசுகிற வரைக்கும் உறவில் மரை இருக்கிறது. அந்தப் பேச்சு அடங்கும்போதுதான் பெரியவர்கள் பயப்பட வேண்டும்.

மரை போன போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அதன் மரையிடுக்கில் மெல்லிய வெள்ளிக் கம்பி மாதிரி அலுமினியச் சுருள் சுற்றிக்கொண்டு வரும். ஊசியால் நெம்பினால் சுருள் சுருளாகப் பிரியும். அதைத் துடைத்து எடுத்துவிட்டால் போல்ட் பெரும்பாலும் பழையபடியே இருக்கும். "போல்ட் நல்லாத்தானே இருக்கு?" என்பார் வண்டிக்காரர். இருக்கும். எஃகுக்கு ஒன்றும் ஆகாது. அப்பா, மாமியார், முதலாளி, வாத்தியார் என்று இரும்பின் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தாங்கள் இறுக்கியது தெரியாமலே போவது இதனால்தான். அவர்களிடம் ஒரு கீறலும் இராது. அறுந்தது எதிர்ப்பக்கம். ஆகவே எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டிய பொறுப்பு பலமுள்ளவருக்கே அதிகம்.

மரை போன பிறகு செய்கிற தவறுகளும் உண்டு. டெஃப்லான் டேப்பைச் சுற்றி ஏற்றுவார்கள். எம்சீலைப் பிசைந்து மேலே அப்புவார்கள். சில நாள் ஒழுகாது. ஆனால் போல்ட்டைப் பிடித்து நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை. ஓடும் வண்டியில் அது கழன்று விழுந்தால் ஆயில் மொத்தமும் ரோட்டில் போகும். பின் சக்கரத்தில் பட்டால் வண்டி சறுக்கும். கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜின் சீஸ் ஆகும்.

முறையான வைத்தியம் வேறு. போல்ட் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகத் துளைத்து, புது மரை வெட்டி, அதில் ஹெலிகாயில் என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுருளை ஏற்ற வேண்டும். அந்தச் சுருளின் உள்பக்கம் பழைய போல்ட்டுக்கே பொருந்துகிற மரை. முதல்முறை பார்க்கிற பையன் பதறுவான்: "அண்ணே, போன ஓட்டையை இன்னும் பெருசாக்குறீங்களே!" அறுந்து தொங்குகிற மரையின்மேல் எதைப் போட்டாலும் நிற்காது, அதை முழுக்க வெட்டி எடுத்தால்தான் புது மரைக்கு இடம் கிடைக்கும். முறிந்த உறவும் இப்படித்தான். நடந்ததை வாய்விட்டுச் சொல்லி, தவறு யாருடையதோ அவர் ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்த நேரம் காயம் பெரிதாவது போலத்தான் இருக்கும். அதற்கு அஞ்சி, நல்ல நாளில் புடவை வேட்டி எடுத்துக் கொடுத்துச் சமாதானம் ஆகிவிட்டதாக நினைப்பது எம்சீல் வேலை.

மரை வெட்டும் கருவியான டேப்பை ஓட்டும்போது அவசரம் கூடாது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அப்போதுதான் சீவல் உடைந்து வெளியே வரும். டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவினால் சீவல் அதில் ஒட்டிக்கொள்ளும். மிச்சம் மீதியை, மேலே கொஞ்சம் ஆயில் ஊற்றிக் கழுவி இறக்க வேண்டும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. காந்தம் விட்டு எடுத்துவிடலாம் என்று நம்பினால் ஏமாற்றம்தான். சுருளின் நுனியில் இருக்கிற குறுக்குக் கம்பியையும் மூக்கு பிளேயரில் பிடித்து முறித்து வெளியே எடுத்துவிட வேண்டும். உள்ளே விழவிடக் கூடாது. சமாதானம் ஆன வீட்டிலும் இந்தச் சுத்தம் அவசியம். மறுபடி கூடிய பிறகு "அன்னைக்கு நீ சொன்னியே" என்று எடுக்கிற ஒவ்வொரு பேச்சும் உள்ளே விட்ட சீவல். சேர்த்து வைத்த உறவை அதுவே அரித்துவிடும்.

ஒழுங்காகப் போட்ட ஹெலிகாயில் மரை, பழைய அலுமினிய மரையைவிட உறுதியாக நிற்கும். அதனால் இனிக் கவலையில்லை என்று மறுபடி பைப்பைச் செருகிவிடாதீர்கள். ஆயிலை உள்ளே நிறுத்துவது தலைக்கு அடியில் இருக்கிற செம்பு அல்லது அலுமினிய வாஷர். நசுங்குவதற்கென்றே செய்த பொருள் அது, விலையும் சில ரூபாய்தான். ஒருமுறை நசுங்கியதையே மறுபடி போட்டுவிட்டு, ஒழுகுகிறது என்று போல்ட்டை முறுக்குகிறார்கள். சில ரூபாய் வாஷரை மிச்சம் பிடிக்கப் போய் கிராங்க் கேஸுக்கு விலை கொடுக்கிறார்கள்.

ஆகவே தம்பி, தங்கைகளே, போல்ட்டை முதலில் விரலால் ஏற்றுங்கள்; நேராகப் போனால்தான் விரலுக்கு வழிவிடும். வாஷரைப் புதிதாகப் போடுங்கள். ஸ்பானரை அளவோடு நிறுத்துங்கள். பிறகு ஈரம் தெரிந்தால் வாஷரைப் பாருங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள். வீட்டில் கசிவு தெரிகிற நாளிலும் அதே முறைதான். பிள்ளையையோ மனைவியையோ இறுக்குவதற்கு முன், நம் வீம்பு கொஞ்சம் நசுங்கிக் கொடுத்ததா என்று பாருங்கள். எந்த வீட்டிலும் நசுங்க வேண்டியது அது ஒன்றுதான்.