நிக்காம சுத்துற சக்கரம்

தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் போடுற மக்கள் எல்லாருக்கும் அந்தச் சக்கரத்தைத் தெரியும். பணம் கட்டுற பட்டனை அமுக்கினதும் திரை நடுவுல சுத்த ஆரம்பிக்கும். சில சமயம் நிக்கவே நிக்காது. பட்டனும் செத்துக் கிடக்கும். போன வருஷம் ஒரு பஸ் டிக்கெட் தளத்துல எங்களுக்கு இதேதான். "திரும்ப அமுக்கட்டுமா, ரெண்டு தடவை காசு போயிடுமா?"ன்னு தங்கமணி கேட்டாங்க. நல்ல கேள்வி!

நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்குத் தெரியும், பல நேரம் சர்வர் பாவம், அது மேல தப்பில்லை. ஜாவாஸ்கிரிப்ட்ல சர்வர்கிட்ட ஒண்ணு கேட்டா உடனே பதில் வராது, 'அப்புறம் தரேன்'னு ஒரு வாக்குதான் வரும். பேரே ப்ராமிஸ். காப்பாத்தினா 'தென்', தவறினா 'கேட்ச்'. சக்கரத்தை நிறுத்துற வரியை 'தென்'னுக்குள்ள மட்டும் எழுதிட்டா, ஆபீஸ் வைஃபைல எல்லாம் ஜோரா ஓடும். சிக்னல் போய்ப் போய் வர்ற இடத்துல மாட்டிக்கும்.

இதுக்குத்தான் 'ஃபைனலி'. ஜேக்வெரியில 'ஆல்வேஸ்'னு 2011லயே இருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் தரத்துக்குள்ள 2018ல வந்தது. சாம்பார் நல்லா வந்தாலும் அடிபிடிச்சாலும் அடுப்பை அணைக்கணும் இல்லையா, அந்த வேலை இதுக்கு. ஜெயிச்சுதா தோத்துதான்னு அதுக்குச் சொல்லவே மாட்டாங்க. அதனால சுத்தம் பண்றதைத் தவிர வேற எதையும் அதுல திணிக்காதீங்க. உள்ளே புதுசா ஒரு பிழை கிளம்பினா, வந்த நல்ல பதிலும் சேர்ந்து காணாமப் போயிடும்.

ஒரு வில்லங்கம் இருக்கு. வாக்கு காப்பாத்தவும் படாம, தவறவும் செய்யாம தொங்கினா ஃபைனலியும் கூடவே காத்துக்கிட்டு நிக்கும். கால வரம்பை நாமதான் வைக்கணும், 'அபார்ட்சிக்னல் டைம்அவுட்' அதுக்குத்தான். 15 விநாடின்னு வச்சா, அதுக்குள்ள பதில் வரலைன்னா வாக்கு தவறினதாக் கணக்கு, ஃபைனலி ஓடும். (ஃபெட்ச்சுக்கு 500 பிழை வந்தாலும் வாக்கு காப்பாத்தின கணக்குதான்! 'ஓகே'வை நாமதான் பார்த்துக்கணும்.)

இப்ப தங்கமணி கேள்விக்கு வர்றேன். நேரம் முடிஞ்சுதுன்னா நம்ம பக்கம் காத்திருக்கிறதை விட்டுட்டோம்னு மட்டும்தான் அர்த்தம். அந்தப் பக்கம் காசு போயிருக்கலாம். அதனால பணம் கட்டுற பக்கத்துல ஃபைனலிக்குள்ள சக்கரத்தை மட்டும் நிறுத்துங்க, பட்டனைத் திறக்காதீங்க. அதே ஆர்டர் எண்ணை வச்சு 'காசு வந்துச்சா'ன்னு சர்வர்கிட்ட கேட்டு, வரலைன்னு உறுதியானப்புறம் திறக்கட்டும்.