புல்லுக்கு முன்னால் வாட்டம்

சென்னையில் புல்தரை போட்டுத் தரச் சொல்லி எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் தை, மாசியில்தான் வரும். மழையில் அழுகிய புல் அப்போது பழுப்பேறிக் கண்ணை உறுத்தத் தொடங்கியிருக்கும். தரையோ காய்ந்து வெடித்துக் கிடக்கும். தண்ணீர் நின்ற சுவடே தெரியாது. "எந்தப் புல்லு நல்லா வரும் சார்?" என்பார் வீட்டுக்காரர். "கார்த்திகையில இந்த இடம் எப்படி இருந்துச்சு?" என்று நான் கேட்பேன். மழை நாளில் செல்போனில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் வாங்கிப் பார்ப்பேன். பிள்ளைகள் காகிதக் கப்பல் விட்ட வீடியோ கிடைத்தால் இன்னும் நல்லது. தண்ணீர் எந்த மூலையிலிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எது வரை ஏறுகிறது என்று எல்லாமே அதில் இருக்கும்.

சென்னைக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மாதிரி நாளுக்கு எந்தக் கொல்லை வாய்க்காலும் போதாது. வருடா வருடம் வரும் 5, 10 சென்டிமீட்டர் மழைக்குத்தான் நான் கணக்குப் போடுகிறேன். அதுவே சின்னக் கணக்கில்லை. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 9,000 லிட்டருக்கு மேல் சேரும். மாடியிலிருந்து இறங்கும் பைப் அத்தனையையும் கொல்லையின் ஒரு மூலையில் கொட்டினால், அங்கே என்ன புல் வைத்தும் பயனில்லை. எனவே முதல் வேலை அந்தப் பைப்பைத் திருப்புவது. 2003 முதல் மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டாயம் என்பதால் பல வீடுகளில் தொட்டி ஏற்கெனவே இருக்கும். வண்டல் அடைத்து யாரும் திறந்து பார்க்காமல் கிடக்கும். அதைத் தூர்வாரிப் பைப்பை இணைத்த மாத்திரத்தில் பாதித் தொல்லை தீர்ந்த வீடுகள் உண்டு. திருவான்மியூர், பெசன்ட் நகர் மணலில் இது சுலபம். பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய மனைகளில் அப்படியில்லை. மழைக்காலத்தில் நிலத்தடி நீரே மேலே வந்துவிடும். தொட்டி அடியிலிருந்து நிரம்பிக்கொண்டு வரும். அங்கே தண்ணீரை வெளியேற்ற வேறு வழி பார்க்க வேண்டும்.

அடுத்தது குழி. ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம், தண்ணீர் தேங்கும் இடத்திலேயே. கடப்பாரை இறங்கும் சத்தத்திலேயே பாதி தெரிந்துவிடும். புறநகரில் புதிதாகக் கட்டிய வீடு ஒன்றில் போன ஆண்டு தோண்டியபோது கண்டதைச் சொல்கிறேன். மேலே நான்கு விரற்கடை செம்மண். லாரியில் வந்தது, பொலபொலவென்று இருந்தது. அதன் கீழே கடப்பாரை 'ணங்' என்றது. உடைந்த செங்கல், ஓட்டுச் சில்லு, கலவை போட்ட இடத்தில் வழிந்து இறுகிப்போன சிமெண்ட் பால், நடுவே ஒரு சிமெண்ட் மூட்டைச் சாக்கு. அதற்கும் கீழே கருஞ்சாம்பல் நிறக் களிமண். முகர்ந்தால் சாக்கடை வாடை. காற்றே புகாத மண்ணுக்குத்தான் அந்த வாடை வரும். ஒரு பிடி எடுத்து ஈரமாக்கி, கட்டைவிரலால் தள்ளி நாடாவாக நீட்டினேன். இரண்டு அங்குலம் தாண்டியும் அறுபடவில்லை. நல்ல களி. குழியில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, குச்சியில் கோடு போட்டு வைத்தோம். மணிக்கு ஓர் அங்குலம் இறங்கினால் புல்லுக்குத் தாராளம். அரை அங்குலத்துக்குக் கீழே போனால் வடிகால் தேவை. அந்தக் குழியில் மாலை வரை கோடு நனைந்தபடியே இருந்தது.

இந்த இடத்தில்தான் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். அடியில் ஜல்லி பரப்பி மேலே மண் போட்டால் தண்ணீர் இறங்கிவிடும் என்பது ஒன்று. இறங்காது. நயமான மண்ணில் இருக்கும் நீர் பருமனான ஜல்லிக்குள் தானாகப் போவதில்லை. மேல்மண் முழுக்க ஊறி நிரம்பிய பிறகே சொட்டத் தொடங்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துக் கம்பித் தட்டில் படுக்கப் போட்டுப் பாருங்கள், சொட்டு நின்ற பிறகும் உள்ளே நீர் இருக்கும். ஸ்பாஞ்சின் கீழே இருப்பது வெறும் காற்றுதான், ஆனாலும் நீர் விழாது. ஜல்லிப் படுகைக்கு மேலே புல்லின் வேர் அந்த நிலையில்தான் நிற்கிறது. களியில் நாலு கூடை மணல் கலப்பது இன்னொரு யோசனை. மொத்தத்தில் பாதிக்கும் மேல் மணலாக இருந்தால் ஒழிய அது இளகாது. கொஞ்சமாகக் கலந்தால் காய்ந்ததும் செங்கல்லாக இறுகும். களிக்குத் தர வேண்டியது மட்கிய தொழுவுரமும் இலைமக்கும்தான், அதுவும் ஆண்டுதோறும். ஜிப்சம் களர் மண்ணைத்தான் திருத்தும். எல்லாக் களிக்கும் அது மருந்தில்லை.

என் அனுபவத்தில் தண்ணீரை நகர்த்துவது வாட்டம்தான். சுவரிலிருந்து விலகி, 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் இறக்கம். கண்ணுக்குச் சமதளமாகத்தான் தெரியும், பந்து விளையாட இடைஞ்சல் இல்லை, தண்ணீருக்கு மட்டும் வழி தெரிந்துவிடும். இதைக் கண் மதிப்பில் செய்யவே கூடாது. நாலு மூலையிலும் முளை அடித்து, டியூப் லெவலில் மட்டம் பிடித்து, நூல் கட்டிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொட வேண்டும். அந்த டியூபில் காற்றுக் குமிழி ஒன்று மாட்டிக்கொண்டாலும் அளவு பொய்யாகிவிடும் என்பதால், தண்ணீர் நிரப்பும்போது எங்கள் மேஸ்திரி யாரையும் பேசவிட மாட்டார்.

வாட்டம் மட்டும் போதாத இடத்தில் ஜல்லி வாய்க்கால். அமெரிக்காவில் ஹென்றி பிரெஞ்ச் என்பவர் வயல் வடிகால் பற்றி 1859இல் எழுதிய புத்தகத்தில் உழவர்களுக்கு விளக்கிய முறைதான் அடிப்படை, பொருள்கள்தான் மாறியிருக்கின்றன. ஓர் அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், 100 அடிக்கு ஓர் அடி வாட்டம். ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரித்து, அதில் கழுவிய முக்கால் இஞ்சு ஜல்லி. நடுவில் நாலு இஞ்சு பிவிசி பைப், துளைகள் கீழே பார்த்தபடி. துளை மேலே இருந்தால் பைப்பின் மட்டம் வரை நீர் ஏறிய பிறகே உள்ளே போகும். ஜல்லி தரை மட்டத்துக்கு அருகில் வரை வர வேண்டும். ஆறு அங்குலம் களியைப் போட்டு மூடினால் வாய்க்கால் இருந்தும் இல்லாததுதான்.

முடிவில் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் கடினமான கேள்வி. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதால், பழைய வீடுகள் பல தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கின்றன. அங்கே தெருப்பக்கம் வாட்டம் கொடுக்கவே முடியாது. சிறு தொட்டி கட்டி மோட்டார் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். பக்கத்து மனை காலியாக இருக்கிறதே, அங்கே விட்டுவிடலாம் என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்த வேலையை எடுத்துக்கொள்வதில்லை. நாளைக்கு அங்கே ஒரு குடும்பம் வரும்.

இத்தனையும் ஆன பிறகு புல். நல்ல வெயில், ஆறு மணி நேரமாவது விழும் கொல்லைக்கு என் முதல் தேர்வு அருகம்புல் வகைகள். ஓரிரு நாள் நீரில் மூழ்கினாலும் தாங்கும், கோடையில் காய்ந்தாலும் தரைக்கடியில் ஓடும் தண்டிலிருந்து மீண்டு வரும், பிள்ளைகளின் ஓட்டத்தைத் தாங்கும். நிழல் மட்டும் ஆகாது. எல்லோரும் விரும்புவது கொரியன் புல். மெத்தென்று அழகுதான், ஆனால் ஈரம் நின்றால் திட்டுத் திட்டாகப் போய்விடும். மெதுவாக வளர்வதால் விழுந்த திட்டு மூட மாதங்கள் ஆகும். வாட்டம் சரியாக உள்ள இடத்துக்கு மட்டுமே அதைப் போட்டுத் தருகிறேன். மாமர நிழலுக்கும் மதில் ஓரத்துக்கும் அகல இலை பஃபலோ புல். தோற்றம் முரடு, ஆனால் பாதி நிழலிலும் தரையை மூடிவிடும். கடலோர உப்புத் தண்ணீர் வீடுகளுக்கு, விலை கூடினாலும், பாஸ்பாலம். உப்பையும் நின்ற நீரையும் அது தாங்குவதுபோல் மற்றவை தாங்குவதில்லை.

புல் பாளம் வாங்கும்போது புரட்டி அடிமண்ணைப் பாருங்கள். வயல் களியோடு வெட்டிய பாளத்தை மணல் கலந்த நல்ல தரைமேல் வைத்தால், பாடுபட்டுச் செய்த வடிகாலுக்கு நாமே மூடி போட்ட மாதிரி. கோரைக்கிழங்கு ஒட்டி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஒன்று வந்தால் போதும். தைமாதம் அழைத்தவரிடம் நான் ஆடி வரை காத்திருக்கச் சொல்வதும் உண்டு. அதுவரை மண் வேலையை முடித்து இரண்டொரு கோடை மழையில் மண்ணைப் படியவிட்டு, ஆடியில் புல் வைத்தால் ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும்.

எவ்வளவு செய்தும் ஈரம் விடாத மூலை ஒன்று சில வீடுகளில் மிஞ்சும். அங்கே புல்லை வற்புறுத்துவதில்லை. கல்வாழை, சேம்பு, நிழலாக இருந்தால் வல்லாரை. வேலையை ஒப்படைக்கும் நாளில் வாய்க்கால் முடியும் சேம்பரின் மூடியைக் காட்டி, வீட்டுக்காரரையே ஒருமுறை திறந்து வலையை எடுத்துக் கழுவச் சொல்வேன். ஒவ்வொரு புரட்டாசியிலும் அவர் செய்ய வேண்டியது அது ஒன்றுதான். விட்டுவிட்டால் அந்த மூடியைப் புல்லே மறைத்துவிடும், வண்டல் சேர்ந்து பைப் அடைத்துக்கொள்ளும், அடுத்த தையில் எனக்கு மறுபடி அழைப்பு வரும்.