சீட்டின் கடைசி வரி

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. 2013 முதல் 2016 வரை என் மனைவிக்கு எழுதித் தந்த மருந்துச் சீட்டுகள், ஸ்கேன் படங்கள், காலி மாத்திரை அட்டைகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மூன்று மருத்துவர்களின் கையெழுத்து. ஆனால் மூன்று பேருமே முதல் சீட்டின் அடியில் ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்கள்: கணவருக்கு விந்துப் பரிசோதனை. மூன்று தடவையும் அதை வாசித்துவிட்டுச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கோவில்பட்டியில் எனக்கு விதை, உரக் கடை. 2011-ல் கல்யாணம். இரண்டு வருஷமாகியும் “விசேஷம் உண்டா?” என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போனபிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளுக்கு மாதவிலக்கு 40, 45 நாள் தள்ளிப்போகும். நீர்க்கட்டி என்றார் மருத்துவர். குளோமிபீன் மாத்திரை எழுதினார். விலக்கான இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாள் சாப்பிட வேண்டும். பிறகு, முட்டைப்பை 18, 20 மில்லிமீட்டர் வளர்ந்து உடைகிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள்.

இரண்டாவது மாதமே வளர்ந்தது, உடைந்தது. “மாத்திரை கேக்குது. இனி சாருக்கும் பாத்துருவோம்” என்றார். “அடுத்த மாசம் பாப்போம் மேடம்” என்றேன். இப்படியே ஆறு மாதம் ஓடியது. அவர் கண்டிப்பாகச் சொன்னதும், கைராசி இல்லை என்று வீட்டில் சொல்லி வேறு மருத்துவரிடம் போனோம். பழைய சீட்டுகளை அங்கே காட்டவில்லை. அவரும் முதலிலிருந்து ஆரம்பித்தார். குளோமிபீனைப் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீட்டமாட்டார்கள். மருத்துவரை மாற்றி மாற்றி 14 மாதம் அவளை விழுங்க வைத்தேன்.

அந்த நாட்களில் சிகிச்சையைப் பற்றி நான் விசாரிக்காத ஆளில்லை. லெட்ரோசோல் என்றொரு மாத்திரை இருப்பதைச் சென்னைச் சொந்தக்காரர் சொன்னார். அமெரிக்காவில் நீர்க்கட்டியுள்ள 750 பெண்களிடம் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. குளோமிபீன் சாப்பிட்டவர்களில் 19.1 சதவீதம் பேருக்கு. ஆனால் லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மருந்து. அதைக் கருத்தரிப்புக்குக் கொடுக்க இந்திய அரசு 2011-லேயே தடை போட்டிருந்தது. இந்தத் தடை நியாயமா என்று மருத்துவரிடம் அரை மணி நேரம் வாதாடியிருக்கிறேன். எந்த மாத்திரை நல்லது என்று எவ்வளவு பேசினாலும் விழுங்கப்போகிறவள் அவள்தான். அந்தப் பேச்சு என் பக்கம் திரும்பவே திரும்பாது. அதனால்தான் அதை விடாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

மாத்திரை நாட்களில் அவளுக்கு உடம்பு குபுகுபுவென்று கொதிக்கும். மார்கழியிலும் ஃபேனுக்கு நேர் கீழே படுப்பாள். அம்மா அவளைச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப்போய்ப் புற்றுமண் பூசிவிட்டாள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். கழுகுமலையில் என் தங்கைக்கு வளைகாப்பு நடந்தபோது, வளையல் போட அவளை யாரும் கூப்பிடவில்லை. அடுப்படியில் நின்று சோற்றை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பந்தியில் எனக்குப் புளியோதரை வைத்ததும் அவள்தான். குனிந்து சாப்பிட்டேன்.

எனக்குப் பயம். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும் ஆள், சின்ன டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு லேப் வாசலில் நிற்பதா என்ற பயம். அதைவிட, அந்தத் தாளில் என்ன வருமோ என்ற பயம்.

2016 புரட்டாசி. இளையரசனேந்தல் பக்கத்துச் சம்சாரி ஒருவர் கடைக்கு வந்தார். என்னிடம் வாங்கி, ஒரு மழையை நம்பி விதைத்த உளுந்து சரியாக முளைக்கவில்லை என்றார். “ஈரம் பத்தியிருக்காது” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போகும்போது அவர், “கரிசல் நல்ல கரிசல் அண்ணாச்சி. விதையையும் ஒருக்கப் பாருங்க” என்றார். மனசு கேட்கவில்லை. அதே மூட்டையிலிருந்து 100 விதை எண்ணி, ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி வீட்டு முற்றத்தில் வைத்தேன். குறைந்தது 75 முளைத்தால்தான் அது விதை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவள்தான் சாக்கைப் பிரித்தாள். முளை விட்டதை ஒரு பக்கமும் விடாததை ஒரு பக்கமுமாக, விரல் நுனியால் ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். முளைவிடாத விதைகள் ஊறிப் பருத்து, பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாப்பத்தொண்ணு” என்றாள்.

நான் பேசவில்லை. அவள் சாக்கைத் திரும்பச் சுருட்டினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அவரு நெலத்தைக் கொறை சொல்லி அனுப்பிட்டீங்களே” என்றாள்.

உளுந்தைப் பற்றித்தான் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் அந்தச் சம்சாரிக்குப் போன் போட்டுப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன். பிறகு அவளிடம், “திருநெல்வேலிக்குப் போயிட்டு வருவோம்” என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. சேலை மாற்ற உள்ளே போனாள்.

மூன்று வருஷம் நான் ஒளித்து வைத்த வேலை, ஒரே காலையில் முடிந்துவிட்டது. செலவு ஒரு மூட்டை உர விலைகூட இல்லை. ஒரு மில்லி விந்தில் குறைந்தது 150 லட்சம் அணுக்களாவது இருக்க வேண்டும் என்பது அப்போதைய அளவு. எனக்கு 60 லட்சம். விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறது, வேரிகோசீல் என்றார்கள். “முதல்லயே பாத்திருந்தா...” என்று ஆரம்பித்த மருத்துவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தை மாதம் ஆபரேஷன். அதற்கு முந்திய நாள்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்தாள். “இம்புட்டு நாளும் அந்தப் பிள்ளைய முன்னால விட்டுட்டு நீ பின்னால நின்னியாடா?” என்று மட்டும் கேட்டாள்.

விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகும். அதனால் எண்ணிக்கை மெல்லத்தான் ஏறியது. 2017-ல் லெட்ரோசோல் தடையும் விலகியது. அந்த மாத்திரையோடு, விந்தைக் கழுவிக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ சிகிச்சை இரண்டு தடவை. 2018 ஆவணியில் மகள் பிறந்தாள். கல்யாணத்தின்போது 26 வயதாக இருந்தவளுக்கு அப்போது 33.

பிள்ளை வீட்டுக்கு வந்த வாரம், அந்த மஞ்சள் பையை எரித்துவிடலாம் என்று பரணிலிருந்து இறக்கினேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள்.

“இருக்கட்டும்” என்றாள். “இத்தனை தாள்ல உங்க பேரு போட்டது ஒண்ணுதான் இருக்கு.”