எந்தக் குழாயில் கழுவட்டும்?

மாசி முடிவதற்குள் ஏ.சி.யை சர்வீஸ் செய்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். கத்திரி வெயில் வந்தபின் கூப்பிட்டால் மெக்கானிக் வர நான்கு நாள் ஆகும். புதுக்கோட்டையில் அந்த நான்கு நாளை ஓட்டுவது லேசில்லை.

'ஏ.சி.யா?' என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். அம்மா முப்பது வருடம் தொகுப்பு வீட்டில் கிடந்தவர். அந்தக் கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவெல்லாம் கக்கும். ஒரு மே மாதம் மயங்கி விழுந்தவரை டவுனுக்கு அழைத்து வந்து, தவணையில் வாங்கிய ஒன்றரை டன் ஏ.சி. இது. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு மின்சாரத்தையும் கவனித்த அண்ணல் அம்பேத்கர், அது மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும் என்று வாதிட்டவர்.

இந்த வருடம் வந்தவன் ஐ.டி.ஐ. முடித்த பையன், கீரனூர்ப் பக்கம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஃபில்டரைக் கழற்றியவன், "எந்தக் குழாயில கழுவட்டும்க்கா? வெளிக்குழாய் எங்க இருக்கு?" என்றான்.

"பாத்ரூம்லயே கழுவு தம்பி."

கொஞ்சம் தயங்கித்தான் உள்ளே போனான். டீ குடிக்கும்போது சொன்னான். சில வீடுகளில் ஊரையும் தெருவையும் கேட்டுவிட்டுத்தான் கதவையே முழுதாகத் திறப்பார்களாம். ஃபில்டர் கழுவக் கொல்லைக் குழாய். குடிக்கத் தண்ணீர் கேட்டால் பேப்பர் கப். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. "ஆனா பெட்ரூமுக்குள்ள போகலாம்க்கா, ஏ.சி. அங்கதான இருக்கு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலையைச் சுத்தமாகச் செய்தான். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாமே கழுவிக்கொள்ளலாம். வெளி யூனிட்டின் தகடுகள் மெல்லியவை, வேகமாகத் தண்ணீர் அடித்தால் மடங்கிவிடும். வருடாவருடம் கேஸ் ஏற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கசிவு இல்லாவிட்டால் கேஸ் குறையாது. 24 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம்.

வடிகுழாய் அடைத்திருந்தது. ஊதி எடுத்ததும் தண்ணீர் சந்தில் கொட்டியது. உடனே பக்கத்து வீட்டம்மா வந்துவிட்டார். "உங்க வீட்டுத் தண்ணி எங்க பக்கம் வருதும்மா."

சொட்டுவது இடைஞ்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்வீட்டு ஏ.சி.யும் இரண்டு கோடையாக அதே சந்தில்தான் சொட்டுகிறது. அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அந்தத் தண்ணீர்தான் என்ன? அறைக் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுருளில் பட்டு நீராகி வடிகிறது. அவர் வீட்டுக் காற்றும் எங்கள் வீட்டுக் காற்றும் ஒரே சந்தில்தான் வந்து போகின்றன.

இந்த மாவட்டத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டு வேங்கைவயலைத் தாண்டிப் போக முடியாது. 2022 டிசம்பரில் குழந்தைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போய், மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மலம் மிதந்தது. விசாரிக்கப் போன கலெக்டர் முன்னால்தான் பக்கத்து இறையூர் டீக்கடையின் இரட்டைக் குவளையும் வெளிப்பட்டது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இருப்பதோ அதே தலித் மக்களில் மூன்று பேர். அந்தத் தண்ணீரைக் குடித்த ஊரிலேயே குற்றவாளியும் கிடைத்துவிட்டான். பையனின் பேப்பர் கப்பும் அந்த டீக்கடையிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை.

"பின்வீட்லயும் சொல்லிருங்கம்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். குழாயை எங்கள் பக்கம் திருப்பி வாளி வைத்தோம். சுருளின் தூசியும் கலப்பதால் குடிக்க ஆகாது. கறிவேப்பிலைச் செடிக்கும் வீடு துடைக்கவும் ஆகும். ஓர் இரவில் பாதி வாளி நிறைகிறது.

கிளம்பும்போது பையன், "நீங்க எந்த ஊருக்கா?" என்றான். ஊரையும் தெருவையும் சேர்த்தே சொன்னேன். கூலியில் நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தான். நான் வாங்கவில்லை.