குற்றம் குழியில் இல்லை

ஒலக்கூர் டீக்கடையிலும் பால் சொசைட்டியிலும் நான் சொல்லித் திரிந்தது பொய். "சைலேஜ் எல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவராதுப்பா, மாடு மோந்துகூடப் பாக்கல" என்றேன். மாடு மோந்து பார்க்காதது உண்மை. ஊரைச் சாட்டியதுதான் பொய்.

2024 நவம்பர் கடைசியில் அடித்த ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. என் வைக்கோல் போர் அடிவரை ஊறி அழுகியது. கோடைக்கு என்ன செய்வது? கரும்பு வெட்டில் வீணாகக் கிடந்த கொழுந்தாடையைக் குழியில் போட்டு ஊறுகாய்ப் புல், அதாவது சைலேஜ், ஆக்கலாம் என்று இறங்கினேன்.

முறை தெரியாதவன் இல்லை நான். ஓர் அங்குலத் துண்டாக நறுக்கி, இறுக மிதித்து, ஓரிரு நாளில் குழியை மூடிவிட வேண்டும். காற்று இல்லாவிட்டால்தான் புளிப்பேறும். அந்தப் புளிப்புதான் அழுகலைத் தடுக்கும். பச்சைத் தீவனத்தில் அமிலம் சேர்த்துக் கெடாமல் காக்கும் வழி கண்ட பின்லாந்துக்காரர் வீர்த்தனேனுக்கு 1945-இல் நோபல் பரிசே கிடைத்தது. நானோ கிழிந்த தார்ப்பாயில் காரியத்தை முடிக்கப் பார்த்தேன்.

நறுக்கும் இயந்திரத்துக்கு வாடகை கொடுக்க மனம் வரவில்லை. அரிவாளால் முழம் முழமாக வெட்டிப் போட்டேன். விறைத்த தண்டு மிதிக்கு மசியுமா? இடையெல்லாம் காற்று. ஆள் வந்த நாளில் கொஞ்சம் நிரப்புவதும் வராத நாளில் விடுவதுமாகக் குழி வாய் பிளந்தே கிடந்தது.

திறந்தால் வெள்ளைப் பூஞ்சணம், அடியில் கறுத்த சேறு, குமட்டும் நாற்றம். நல்ல சைலேஜ் மஞ்சள் கலந்த பச்சையாக, புளித்த வாடையோடு இருக்கும். அப்போதே எருக்குழியில் கொட்டியிருக்க வேண்டும். கொட்டவில்லை. தவிடும் புண்ணாக்கும் கலந்து மாட்டை ஏமாற்றித் தின்ன வைத்தேன். கழிச்சல் கண்டது, பால் இறங்கியது. சினை மாடாக இருந்திருந்தால் கன்று வீசியிருக்கவும் கூடும்.

வீட்டில் கேட்டார்கள். "பழகாத தீவனம், அதான்" என்றேன். வெளியில் ஊரைக் குறை சொன்னேன். மாடு தேறிவிட்டது. ஆனால் என் பேச்சை நம்பிக் குழி தோண்டாமல் விட்டவர்கள் உண்டு. அவர்கள் கழனிக் கொழுந்தாடை காய்ந்து சோகையோடு எரிந்தது. அதற்கு நான்தான் பொறுப்பு.

அவர்களுக்குச் சொல்கிறேன்: அடுத்த வெட்டுக்கு இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள். பாதி வாடகை என்னுடையது.